காட்டிக் கொடுக்காதவள்

ஏழாவது படிக்கும்போது எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தது, இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டர் மேல் டாக்டராகப் பார்த்து, கடைசியில் அப்பாவே கையை விரித்துவிட்டார். வகுப்பில் எனக்குச் செவிடு என்று பெயர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள், முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த என் தோழி. ஸ்கூலுக்கு நடக்கும்போது யாரும் சொல்லாமலே என் வலது பக்கம் வந்து சேர்ந்துகொள்வாள்.

ஒன்பதாவதில் நாங்கள் இருவரும் ஒரு போரை ஆரம்பித்தோம். தலைக்கு மேல் நாள் முழுக்க விமானப்படையின் பயிற்சி விமானம் சுற்றும் ஊரில் வேறென்ன கதை தோன்றும்? கடல் வழியாக எதிரி வந்துவிட்டான், பெரியவர்களின் படை தோற்றுவிட்டது. மிச்சம் இருப்பது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்தான். அதிலும் ஏதாவது ஒரு சக்தி இருப்பவர்களைத் தேடிப் பிடித்துச் சீருடை மாட்டிவிடுகிறது அரசாங்கம். படப்பையில் ஒரு கல்யாண மண்டபம்தான் அவர்களுடைய முகாம். மணமகள் அறையில் துப்பாக்கி அடுக்கியிருக்கும், பந்திக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்திருக்கும்.

அவளுடைய வீரன் ஒரு பையன். தொட்டால் இரும்பு உருகும். என்னுடையவள் ஒரு பெண். அவளுக்கும் இடது காது கேட்காது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆனால் பல மைலுக்கு அப்பால் எதிரியின் பூட்ஸ் மண்ணில் பட்டால் அந்தக் காதில்தான் கேட்கும். இந்த யோசனையைச் சொன்னதே என் தோழிதான். "கிட்டக்கதான்டி அவளுக்குக் கேக்காது. தூரத்துல இருக்குறது அவளைத் தவிர யாருக்கும் கேக்காது," என்றாள். அன்று ராத்திரி நான் சந்தோஷத்தில் அழுதேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

பேப்பரில் எழுதியதில்லை. டியூஷன் விட்டு வந்ததும் ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் போடுவோம், ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடித்துக்கொள்வாள். ஒரே ஒரு சட்டம். அவளுடைய பையனுக்கு என்ன நடந்தாலும் அவளைக் கேட்க வேண்டும், என்னுடைய பெண்ணுக்கு என்ன நடந்தாலும் என்னைக் கேட்க வேண்டும். ஒரு தடவை அவனுக்குக் காலில் குண்டு படட்டுமா என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்து, "முட்டிக்குக் கீழே," என்று அனுமதி கொடுத்தாள். அவ்வளவு கறார்.

காலேஜ் முடிந்து எனக்குக் கிண்டியில் வேலை கிடைத்தது. அவள் குடும்பம் கோவிலம்பாக்கத்துக்கு ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனது. போன வருஷம் ஒருநாள் போன் செய்தாள். ஒரு ஆடியோ தொடர் ஆப்பில் நம்ம கதையைக் கேட்கிறார்கள், கொடுக்கட்டுமா என்றாள். பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் தேடி அனுப்பினேன். ஆபீசில் டிரெயினிங் நெருக்கிக்கொண்டிருந்தது. "நீயே பாத்துக்கோடி," என்றேன். அவளிடம் சொல்லும்போது எனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

தொடர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேபிளில் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, வீடே இட்லியோடு கேட்டது. முதல் சில பகுதிகளில் என் பெண்ணின் குரலைக் கேட்டு அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பகுதியில் எதிரிகளின் அதிகாரி ஒருவன் அவளது இடது காதருகே குனிந்து ரகசியமாகப் பேரம் பேசுகிறான். அவள் தலையாட்டுகிறாள். மறுநாள் மண்டபத்தை எதிரிகள் சுற்றி வளைக்கிறார்கள். பாயில் படுத்திருந்த பிள்ளைகள் தூக்கத்திலேயே சாகிறார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு நீதானேடி?" என்றாள். அப்பா போனை எடுத்து நிறுத்தினார்.

அடுத்த சனிக்கிழமையே கோவிலம்பாக்கம் போனேன். அவள் கதவைத் திறந்த வேகத்தில், "கேட்டியா? எப்படி இருந்துச்சு?" என்றாள். அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்வரை பொறுத்தேன்.

"அவ எதுக்குடி காட்டிக் கொடுத்தா?"

"டைரக்டர் ஒரு ட்விஸ்ட் கேட்டாருடி. யாருமே சந்தேகப்படாத ஆளா இருக்கணும்னாரு. எவ்ளோ யோசிச்சாலும் அவதான் வந்தா."

"என்னைக் கேட்டியா?"

"ரெக்கார்டிங் அவசரம்டி. உனக்கும் டிரெயினிங்."

"சரி, விடு. அந்த ஆபீசர் எந்தக் காதுல பேசினான்?"

அவள் முழித்தாள்.

"இடது காதுல. கிட்டக்க வந்து. அந்தக் காதுல அவளுக்கு எப்படிடி கேட்டிருக்கும்?"

வருஷக்கணக்காக என் வலது பக்கம் நடந்தவள் ஒரு கணம் காபி டம்ளரையே பார்த்தாள். பிறகு, "கேக்கறவங்க யாரும் அதைக் கவனிக்க மாட்டாங்கடி," என்றாள்.

கேட்கிறவர்களைப் பற்றி எனக்கென்ன? வகுப்பு முழுக்க என்னைச் செவிடு என்று சொன்னபோது எனக்கு வலித்தது, ஆனால் அது துரோகம் இல்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாது. இவளுக்குத் தெரியும். என் காதிலிருந்து ஒரு வீராங்கனையைச் செய்து கொடுத்தவளே, அதே காதை வைத்து அவளைத் துரோகியாக்கியிருக்கிறாள்.

ஆனாலும் நான் சண்டைக்குப் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் பெண் மேல் விழுந்த பழி போக வேண்டும். கெஞ்சுகிற குரலிலேயே கேட்டேன்.

"அடுத்த சீசன்ல மாத்திடு. அவ இல்லைன்னு தெரிய வரட்டும். வேற யாராவதா இருக்கட்டும், உன் பையனாவே இருக்கட்டும்."

"அவன் ஹீரோடி," என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாத. உனக்காகவே ஒண்ணு வெச்சிருக்கேன், கேட்டா அழுதுடுவ. கடைசியில எல்லாரும் அவளை மன்னிச்சிடறாங்க."

"எதுக்கு மன்னிக்கணும்? அவ என்ன பண்ணா?"

"என்னடி இப்படிக் கேக்கற?" என்றாள் என் தோழி. அவள் குரலில் கேலி இல்லை, நடிப்பும் இல்லை. "அத்தனை பேரையும் காட்டிக் கொடுத்தாளே."