தவலையில் தெளிந்த தண்ணீர்

மைமூன் டீச்சர் போய்விட்டார் என்று நாகூரிலிருந்து போன் வந்தபோது நான் புதுக் கிணற்றுக் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். குடம் நிரம்பிக் காலை நனைத்தது. நான் மூடவில்லை. அவர் கொண்டுவந்த தண்ணீர், அன்றைக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருவாரூர்க் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர் அவர். எங்கள் காலனி அடிபம்புத் தண்ணீரில் யுரேனியம் இருக்கிறது என்று முதலில் கண்டு சொன்னவர். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் வேறு கிணறு கேட்டோம். அந்த இடத்தைப் பண்ணை வீட்டார் வேலி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஆட்சியில் மனுக் கொடுத்தோம், அடுத்த ஆட்சியிலும் கொடுத்தோம். கடைசியில் ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "ஒரு பாட்டில்ல புடிச்சாந்து குடும்மா" என்றார். அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை.

தண்ணீர் நல்லது என்று காகிதம் வந்தது. பண்ணை வீட்டுப் பெரியவர், "சர்க்காரே சொல்லிட்டான், அப்பறம் என்ன கெணறு?" என்று வேலிக்கு இன்னொரு சுற்று முள் கட்டினார்.

டீச்சர் காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"பாட்டில்ல புடிச்சுக் குடுத்தது யாரு, அக்கா?"

"நான்தான்."

"பம்புலேர்ந்தா?"

"தவலையிலேர்ந்து. ரெண்டு நாள் வச்சு, துரு படிஞ்சு, மேலாத் தெளிஞ்சத மோந்து குடுத்தேன். செவப்புத் தண்ணியக் குடுத்தா காலனிக்காரி அழுக்குன்னு சொல்ல மாட்டானா?"

டீச்சர் தலையில் கைவைத்துச் சிரித்தார். "வெசத்த வீட்டுல வச்சுக்கிட்டு நல்லத அவருக்குக் குடுத்தீங்களா! யுரேனியம் ஒண்ணுதாங்க்கா, வேஷந்தான் வேற வேற. சோடா உப்பு மாதிரி ஒண்ணோட சேந்தா கரைஞ்சு ஓடும். காத்துப் பட்டு இரும்பு துருவாச்சுன்னா அதுல ஒட்டிக்கிட்டு அடியில உக்காந்துரும்."

"பண்ணை நெலம் மாதிரின்னு சொல்லுங்க. நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப அது எங்கயும் போவல. மச்சான் பேர்ல, மாட்டுக்காரன் பேர்ல உக்காந்துக்கிச்சு. பெரியவரு பேர்ல தேடுனவனுக்கு ஒண்ணும் ஆப்புடல."

"பினாமி!" என்று கத்திவிட்டார் டீச்சர். அதன் பிறகு வகுப்பிலும் அதையே சொன்னாராம்: "எவ்வளவு இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க. யார் பேர்ல இருக்குன்னு கேளுங்க."

அதே அதிகாரியைப் பம்படிக்கு நடக்க வைத்தார். விழுந்த தண்ணீரை விழுந்தபடியே பிடித்து, துரு படியாமல் இருக்க ஆசிட் சொட்டு விட்டார்.

"ஜனங்க தெளிய வச்சுத்தானே மேடம் குடிக்கிறாங்க?" என்றார் அதிகாரி.

பம்பில் கையேந்திக் குடித்துக்கொண்டிருந்த என் பேத்தியைக் காட்டி, "இதுகிட்டப் போயி ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

இந்தத் தடவை தண்ணீர் கெட்டது என்று காகிதம் மாறி வந்தது, புறம்போக்கில் கிணறு வெட்ட உத்தரவும் வந்தது. வேலியைப் பிரித்தோம். முள்ளை நானே இழுத்துப் போட்டேன், பெரியவர் பார்க்கட்டும் என்று மெதுவாகவே இழுத்தேன். புதுக் கிணற்றுத் தண்ணீரை டீச்சர் சோதித்துப் பார்த்து, முதல் கை அவரே குடித்தார். நாங்கள் போட்ட குலவை பண்ணை வீட்டு மாடிவரை கேட்டிருக்கும்.

தெளிந்ததை மட்டும் மோந்து கொடுக்கும் என் வீம்பை அவர் வாங்கிக்கொண்டார். அடிவரை கலக்கிக் கொடுக்கும் தைரியத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். டீச்சரைப் பற்றிய இதையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஜீப்பையும் விடவில்லை, என் தவலையையும் விடவில்லை.