கலர் மட்டும் பார்த்துக்கொள்ளவும்

காலை ஒன்பது இருபது. என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. கையில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு முகம். முதலில் கண்ணில் பட்டது அந்த முகத்தின் வெள்ளைதான். அட்டையைப் பிடித்திருந்த விரல்கள் கறுப்பு. முகமும் விரல்களும் ஒரே ஆளுடையவை.

அவர் அடுத்த தெருக்காரர், ஏலக்காய் பறிக்கப் போகிறவர், நாற்பது வயதிருக்கும். அந்த நேரத்தில் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் இருந்திருக்க வேண்டும். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டையும், திறக்காத தூக்குச்சட்டியுமாக வாசலில் நின்றார்.

"கேட்டுலயே திருப்பி விட்டுட்டாங்கண்ணே. இது நிங்களல்ல, வேற ஆளாணுங்கிறாரு மலையாளத்துக் கிளார்க்கு. நாந்தான் சாமின்னா, தங்கச்சி படத்தக் கொண்டாந்து ஒட்டுனியாங்கிறாரு. ஜீப்புல வந்தவளுக பூராம் சிரிப்பாச் சிரிக்கிறாளுக."

"என்னன்னு?"

"ஏத்தா, மாவு மில்லுல விழுந்து எந்திரிச்சியாங்கிறா ஒருத்தி. அந்த மொகத்த வீட்டுல பூட்டி வச்சிட்டு வந்திருக்கா, போயி எடுத்துட்டு வரட்டும்ங்கிறா இன்னொருத்தி." அவருக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது, நின்றும் போனது. "நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சீல் வாங்கலைன்னா திங்கக்கெழமையிலருந்து ஜீப்புல ஏத்த மாட்டாகளாம். என் எடத்துக்கு ஆளு ரெடியா நிக்கிது."

எஸ்டேட்டில் அந்த வாரம்தான் எல்லோருக்கும் அட்டை கொடுத்திருந்தார்கள். கட்டம் போட்ட இடத்தில் படத்தை ஒட்டிக் கொண்டுபோனால், கிளார்க் ஆளையும் படத்தையும் பார்த்துவிட்டு சீல் வைப்பார். சீல் இல்லாத அட்டை வெறும் அட்டை.

அந்தப் படம் முதலில் என் கைக்குத்தான் வந்தது. எஸ்டேட் மேஸ்திரி செல்போனில் எடுத்தது. நாற்றுகளுக்கு மேல் கட்டியிருந்த பச்சை வலைக்கடியில் நிற்க வைத்து எடுத்திருக்கிறார். மத்தியான வெயில் வலை வழியாக இறங்கி, முகம் பாசி பிடித்தாற்போல் இருந்தது. மதுரையில் ஒரு நாளிதழின் படப்பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். இந்த மாதிரி ஏறிய நிறத்தை இறக்குவதுதான் அங்கே என் அன்றாட வேலை.

படத்தில் சாயமில்லாத ஓர் இடத்தை மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் எவ்வளவு பச்சை ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டு, அவ்வளவையும் மொத்தப் படத்திலிருந்தும் எடுத்துவிடும். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் காட்டினேன். முகம் காமாலை வந்ததுபோல் மஞ்சளானது. துண்டு நீலம் போட்டு அலசியது. நம் ஊர் வெள்ளையில் பாதி நீலம் என்பதை மறந்திருந்தேன். பிறகு நெற்றியைப் பெரிதாக்கினேன். திருநீறு ஒரு விரல் அகலத்துக்குக் கலையாமல் இருந்தது. மென்பொருள் கேட்பதும் சாம்பல் நிறத்தைத்தான். அங்கே சொடுக்கினேன். பச்சை இறங்கியது. அடுத்த தெருவில் தினமும் பார்க்கிற கறுப்பு முகம் அப்படியே வந்து நின்றது.

என்னிடம் பிரிண்டர் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் படத்தை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினேன்: "கலர் மட்டும் பார்த்துக்கொள்ளவும்." பிரிண்டில் நிறம் மாறிவிடாமல் பார்க்க வேண்டும் என்ற அர்த்தத்தில். மற்றவர்கள் எழுதிய படக்குறிப்புகளில் இரட்டை அர்த்தம் தேடிச் சம்பளம் வாங்கியவன் எழுதிய வரி அது. பெண் கலராக இருக்கிறாள் என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால், பச்சையா நீலமா என்று யாரும் கேட்பதில்லை.

பிரிண்டை அந்தப் பெண்ணே வாங்கி ஒட்டிக்கொண்டு போயிருந்தார், நான் பார்த்திருக்கவில்லை. இப்போது அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏலக்காய்ப் படம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். சரக்கின் படத்தை வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரிகள் அவரிடம்தான் எடுப்பார்கள். எவர்சில்வர் தட்டில் காய்கள் கிடந்தன. ஒரு காயை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மவுஸை மயிரிழை நகர்த்தினார். மறுபடி பிடித்துப் பார்த்தார்.

அட்டையை மேஜைமேல் வைத்தேன். "தம்பி, இது யாரு?"

அவர் அட்டையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "இந்தக்காதான். நீங்கதானண்ணே கலரப் பாத்துக்கச் சொன்னீங்க? சரி பண்ணுனேன், நல்ல கலரா வந்திருக்கே!"

"நெத்தியில துன்னூறு இருந்துச்சே, எங்க?"

குனிந்து பார்த்தார். திருநீறு அழிக்கப்படவில்லை. முகமே அந்த நிறத்துக்கு வந்துவிட்டதால் கோடு தெரியவில்லை. காதும் கழுத்தும் மட்டும் பழைய நிறத்தில் இருந்தன.

"இத எப்படிப் பண்ணுன?"

ஒரு பொத்தானைக் காட்டினார். ஒரே சொடுக்கில் முகம் வெளுக்கும்படி அவரே அமைத்து வைத்தது. அதற்கு அவர் இட்டிருந்த பெயர் 'லேடீஸ்'. பக்கத்தில் 'மாப்ளே' என்று இன்னொன்று இருந்தது. அது கல்யாண மாப்பிள்ளைக்கு மட்டுமாம்.

"பொம்பளையாளு படம் வந்தாலே கை அதுல போயிரும்ணே. இதுவரைக்கும் ஒருத்தர் கொற சொன்னதில்ல."

என் குரல் உயர்ந்துவிட்டது. ஏலக்காயில் ஒரு பொட்டு நிறம் கூடினால் வாங்குகிறவன் சண்டைக்கு வருவான் என்று காயைத் திரையோடு வைத்து ஒப்பிடுகிறாய், ஓர் ஆளின் முகத்தை ஆளைப் பார்க்காமலே வெளுத்துத் தள்ளுகிறாய், காய்க்கு இருக்கிற மரியாதைகூடவா முகத்துக்கு இல்லை என்று கேட்டேன். வாசலில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சொல்லப்போனால் எனக்கும் முழுக்கக் கேட்க வாயில்லை. பத்திரிகையில் முகத்தைத் தூக்கு, முகத்தைத் தூக்கு, அதாவது வெளிச்சமாக்கு என்று தினமும் சொல்வார்கள். தாள் மையைக் குடித்து முகம் கறுத்துவிடும் என்பது காரணம். உண்மையான காரணம்தான். ஆனால் தாள் குடிக்கிற அளவோடு நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

அந்தப் பெண் முன்னால் வந்தார்.

"சரி பண்ணுனேன், சரி பண்ணுனேங்கிறீகளே, எதண்ணே சரி பண்ணுனீங்க?"

"வெயில்ல வேல பாக்குறவுகளுக்குக் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டுமேன்னு..."

"ஏலத்தோட்டத்துல ஏதுண்ணே வெயிலு? தலைக்கு மேல பூராம் மரம். இது வெயில்ல வந்த கருப்பில்ல, எங்கப்பன் கருப்பு. எங்கப்பன் மேல உங்களுக்கு என்ன வஞ்சம்?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் காயத் தூரப் போட்டுட்டு என்னயப் பாத்துப் பண்ணுங்க. வெரசா. நாளைக்கு எனக்குச் சோலி கெடக்கு."

கடைக்காரர் நான் அனுப்பிய படத்தைத் திறந்தார். 'லேடீஸ்' பக்கம் போன கையைத் திருப்பிக்கொண்டார். படம் உள்ளபடியே சரியாக இருந்தது, செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் பிரிண்டை எடுத்து அந்தப் பெண்ணின் கன்னத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தார். ஒரு பொடி சிவப்பு ஏறியிருப்பதாகச் சொல்லி, குறைத்து, மறுபடி எடுத்தார். இரண்டாவது பிரிண்டில் நெற்றிக்கோடு தெளிவாக இருந்தது. பழைய படத்தைக் கவனமாக உரித்து மேஜையில் வைத்துவிட்டு, புதியதை அவரே ஒட்டிக் கொடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஜீப்பில் அந்தப் பெண் கேட் வரை போனார். கிளார்க் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சீல் வைத்தார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார்.

ஸ்டுடியோ வாசலில், கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கும் மாதிரிப் படங்களில், மேல் வரிசையில் இரண்டாவதாக அந்த வெள்ளை முகம் இருக்கிறது.