கொதிக்கும் சத்தம்

மனுஷனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். வரட்டும், வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் காலையில் கண்ணைத் திறந்ததும், இன்னும் அடுப்பிலேயே ஏறாத டீயின் மேல் கோபப்படுகிற ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பஸ் பணிமனையில் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டர்களைப் பழுது பார்க்கும் அந்த மனிதர் அந்த ரகம். அங்கே எல்லோரும் அவரை ரேடியேட்டர் என்றேதான் கூப்பிட்டார்கள். பார்க்கிற வேலைக்காக வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தாலே ஆவி பறக்கிறதே, அதற்காக வைத்தது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

டீ விஷயத்தில் அவர் ஒரு சட்டமே வைத்திருந்தார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"தண்ணி, சர்க்கரை, தூள் மூணையும் ஒண்ணா அடுப்புல ஏத்தணும். தளதளன்னு கொதிக்கணும். கொதிக்கக் கொதிக்கத்தான் சாறு இறங்கும். கடைசியில பச்சைப் பாலை ஊத்தி அப்படியே இறக்கிடணும். பாலைத் தனியா காய்ச்சினா சத்தெல்லாம் ஆவியாப் போயிடும்."

இதை எங்கே படித்தார், யார் சொல்லிக் கேட்டார் என்று விசாரித்துவிடாதீர்கள். அவராகவே கண்டுபிடித்தது. சரி, கண்டுபிடித்தவர் ஒரு நாளாவது அடுப்பைப் பற்றவைத்தாரா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கூடத்தில் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சமையலறைக்குக் குரல் கொடுப்பார்.

"கொதிக்குதா?"

"கொதிக்குது," என்பாள் மனைவி.

"சத்தமே வரலையே! நல்லா கொதிக்க விடு!"

கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் மூடி கடகடவென்று ஆடுகிற சத்தம் வரும். அதைக் காதால் கேட்டபிறகுதான் ஐயா முகம் தெளியும். டீ வரும். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பாத்தியா, முறையாப் போட்டா எப்படி இருக்குன்னு!" என்பார். இருபத்தாறு வருஷமாகத் தினம் இதே கூத்து.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலர் தைப்பதில் ஆரம்பித்தவளை இப்போது ஒரு பிரிவுக்கே மேற்பார்வையாளர் ஆக்கியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். டீ கொடுத்தாள். அதில் ஒருத்தி ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, கை ராசிக்காரி நீங்க. இந்த மாதிரி டீயை நான் எங்கயும் குடிச்சதில்ல," என்றாள்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா இல்லையா? இருக்க மாட்டாரே!

"கை ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா," என்றார் ரேடியேட்டர். "வந்த புதுசுல இவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. நான் சொல்லிச் சொல்லி இந்த அளவுக்குக் கொண்டாந்திருக்கேன். இன்னைக்கும் நான் இங்க இருந்து சொன்னாத்தான் உண்டு. இவளைப் போய் மேற்பார்வை பாக்கச் சொல்லியிருக்காங்க!"

சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. வந்தவர்கள் டம்ளருக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சீக்கிரமே கிளம்பியும் விட்டார்கள். மனைவி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"எப்ப வருவ?"

"நீங்க சொல்ற முறையில, உங்க கையால ஒரு டீ போடுங்க. ஒரு சொட்டு விடாம குடிங்க. குடிச்சிட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு உண்மையைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வர்றதா வேணாமான்னு பாக்கறேன்."

"பூ, இவ்வளவுதானா!" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலையிலேயே அந்தக் காரியத்தை முடித்துவிட்டு, மத்தியானம் போய் அவளைக் கூட்டிவந்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம். தண்ணீர், சர்க்கரை, தூள். தளதளவென்று கொதிக்கவிட்டார். பச்சைப் பாலை ஊற்றி இறக்கினார். பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் ஒன்று வந்தது. வாயில் வைத்தால் கசப்பு தொண்டையைப் பிடித்தது. அதற்குப் பின்னாலேயே பச்சைப் பால் வாடை குமட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தொட்டியில் கொட்டினார்.

தப்பு தன்மேல் இருக்கலாம் என்று ஒரு நிமிஷமாவது தோன்றியதா என்றால், இல்லை. பால்தான் கெட்டது என்று பால் கடையில் போய்ச் சண்டை போட்டார். "நேத்து வரைக்கும் இதே பால்தானே சார் வாங்கினீங்க?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "எதிர்த்துப் பேசாதய்யா!" என்று கத்திவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை தூளின் மேல் பழி. புதுப் பொட்டலம் வாங்கினார். அதிலும் அதே கசப்பு. புதன்கிழமை இன்னும் நல்லாக் கொதிக்கட்டும் என்று விட்டதில் சர்க்கரை அடிப்பிடித்து, பாத்திரம் கரியாகி, வீடெல்லாம் புகை.

வீடு வேறு அவரைப் பாடாய்ப் படுத்தியது. கத்தினால் திரும்பிப் பேச ஆள் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசற்கதவு திறக்கும், செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும் என்று காது தானாகக் காத்திருந்தது. அவள் வேண்டும். அதுதான் உண்மை. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு மட்டும் அவருக்கு நாக்கு எழவில்லை, மாறாகக் கோபம்தான் வந்தது. போனவளுக்கு எவ்வளவு திமிர்!

வியாழக்கிழமை காலை கரியான பாத்திரத்தை வீசிவிட்டு வேறு பாத்திரம் தேடினார். அடுப்புக்குக் கீழே, உள்ளே தள்ளி, ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் மூடியோடு இருந்தது. எடுத்து உள்ளே பார்த்தார். அடி முழுக்கத் திட்டுத்திட்டாக வெள்ளை உப்பு, பக்கமெல்லாம் கெட்டியாக ஏறியிருந்தது.

வேறு ஆளாக இருந்தால் அழுக்கு என்று தேய்க்கப் போட்டிருப்பார். இவர் ரேடியேட்டர் பிரித்துப் பார்க்கிறவர். தண்ணீர் மட்டுமே கொதித்துக் கொதித்து உப்புப் படிந்த குழாய்களை வாழ்நாளெல்லாம் சுரண்டுகிறவர். இது இன்று நேற்றுப் படிந்த உப்பு இல்லை என்று அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. டீத்தூளின் பழுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. இந்தப் பாத்திரத்தில் தண்ணீரைத் தவிர எதுவுமே கொதித்ததில்லை. தினமும் வெறும் தண்ணீரை எதற்குக் கொதிக்க வைப்பாள்?

தண்ணீர் ஊற்றி, மூடி, அடுப்பில் வைத்தார். மூடியின் ஓரம் நெளிந்திருந்தது. தண்ணீர் கொதித்ததும் அது ஆட ஆரம்பித்தது.

கடகட, கடகட, கடகட.

கூடத்தில் உட்கார்ந்து தினமும் கேட்ட அதே சத்தம்! ரேடியேட்டருக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. ஏமாற்றியிருக்கிறாள். இத்தனை வருஷமாக ஏமாற்றியிருக்கிறாள்! அந்த வெறியிலேயே, அவளுடைய நிபந்தனையை ஏன் பாக்கி வைக்க வேண்டும் என்று, தன் முறைப்படி வேறொரு பாத்திரத்தில் ஒரு டீயைப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார். பணிமனைக்கு லீவு சொன்னார். பாத்திரத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கொழுந்தியாள்தான் கதவைத் திறந்தாள். "வாங்க அத்தான்," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டார். வேலைக்குக் கிளம்பத் தயாராக மனைவி கூடத்தில் நின்றிருந்தாள். பாத்திரத்தை எடுத்து மேசை மேல் நங்கென்று வைத்தார்.

"இது என்ன?"

"பாத்திரம்."

"பாத்திரம்னு எனக்குத் தெரியாதா? இதுல ஒரு நாளாவது தூள் போட்டிருக்கியா?"

"இல்ல."

"அப்ப நான் கேட்ட சத்தம்?"

"வெறும் தண்ணி. உங்களுக்குச் சத்தம் வேணும், சத்தம் குடுத்தேன். டீ பக்கத்து அடுப்புல அது பாட்டுக்கு ஆச்சு."

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இருபத்தாறு வருஷம் என்னைக் கேனயனாக்கியிருக்க!" என்று குதித்தார் அவர். "வாய் இல்ல உனக்கு? இந்த முறை சரியில்லைன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா..."

"சொன்னேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதில் இருந்த கோபத்துக்கு முன்னால் இவருடைய கோபம் ஒன்றுமே இல்லை.

"கல்யாணமாகி வந்த முதல் மாசம். நீங்க சொன்ன மாதிரியே போட்டேன். நீங்களும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டுத்தான் குடிச்சீங்க. 'கசக்குதுங்க, வேற மாதிரி போடட்டுமா'ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். கையில இருந்த கண்ணாடி டம்ளரைத் தூக்கி அடிச்சீங்க. என் காதோரமாப் போய்ச் சுவத்துல உடைஞ்சுது."

"நானா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே."

"உங்களுக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்? கண்ணாடியைப் பெருக்கி எடுத்தது நான். மறுநாள்தான் கடைக்குப் போய் இந்தப் பாத்திரத்தை வாங்கிட்டு வந்தேன்."

கொழுந்தியாளின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கும் இது புதுச் செய்தி.

"குடிச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"குடிச்சேன். முழுசா."

"எப்படி இருந்துச்சு?"

"வாயில வைக்க முடியல," என்றார். சொல்வதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "எப்படித்தான் போடணும்?" என்றார்.

அவள் மேசை மேல் இருந்த பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சிடுங்க. அப்புறம்தான் தூள். மூடி வெச்சிட்டு சும்மா விடுங்க, தொடாதீங்க. பாலைத் தனியா காய்ச்சி, வடிகட்டின டீயில ஊத்துங்க. கடைசியில சர்க்கரை."

"அப்ப தூளைக் கொதிக்கவே விட வேணாமா? அப்புறம் சாறு எப்படி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன்," என்றாள் அவள். "இருக்கறதுக்குன்னு சொல்லல. டீ போட்டு வைங்க. வந்து பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியேட்டர் அடுப்புக்கு முன்னால் நின்றார். அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நிற்பது இருக்கிறதே, அது அவருக்குப் பெரிய தண்டனை. ஒரு சத்தமும் இல்லாமல் ஏதோ நடக்கிறது என்று எப்படி நம்புவது? மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். வாசற்கதவு திறந்தது. செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

அவள் உட்காரவில்லை. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"கசக்குது," என்றாள்.

அவருக்குக் காது மடல் சுட்டது. ஐந்து நாளாக நாய் படாத பாடு பட்டு, லீவு போட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடி செய்து, அதற்கு இதுவா பேச்சு? கையை நீட்டி டம்ளரை அவளிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கினார்.

அவள் நகரவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து, காதைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் அது நடந்தது. அவர் குரல் ஏறும்போதெல்லாம் அவள் தலை அப்படிச் சாய்வதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். மெஷினில் குனிந்து குனிந்து வந்த கழுத்து வலி என்று நினைத்திருந்தார். தைலம்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

டம்ளர் கையில் சுட்டது. அதைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"வேற போடறேன்," என்றார். அதையும் கோபமாகத்தான் சொன்னார். அவருக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. உள்ளே போய், இருந்ததைக் கொட்டி, பாத்திரத்தைக் கழுவி, தண்ணீர் வைத்தார்.

"எவ்வளவு நேரம் மூடி வைக்கணும்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

கூடத்தில் அவருடைய நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது. அவள் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள். "அதுவரைக்கும் திறக்காதீங்க."