போட்டோ என்று நான் சொன்ன கடல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் சாய்ந்தமருதுக் கரையில், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் நிற்கும் இடத்தைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. கரையில் நின்று நான் துண்டை வீசிய பக்கம்தான் வலை ஏற்றிய தோணி திரும்பும். இரண்டு தோணியும் இந்த மாடி வீடும் என் கண் சம்பாதித்தவை.

லண்டனிலிருந்து லீவில் வந்த மகள், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தை ஹோலில் மாட்டினாள். வெயிலில் மின்னும் கடல், மஞ்சள் மணல், கரையோரம் புல்.

"நல்ல போட்டோ மகள். அந்தா, ஊதா நிறமா மீன் கூட்டமும் நிக்கிது," என்றேன்.

மருமகன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

"போட்டோ இல்ல வாப்பா, பெயின்ட்! அந்தக் காலத்துல பிரான்சுல ஒராள் கடற்கரையில நின்டே கீறின படத்துட பிரதி. திட்டுத் திட்டா அப்பியிருக்கே, தெரியல்லயா?"

மனைவி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள்.

"கரையில எத்தின தோணி கிடக்கு, சொல்லுங்க பாப்பம்."

"மூணு," என்றேன், துணிந்து.

"ஒண்டுமில்ல. எல்லாம் கடலுக்குப் போயிட்டு. எத்தின நாளா மறைக்கிறீங்க?"

ஒரு வருடமாக. சலாம் சொல்பவரைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுவந்தேன். பார்வை மங்கியது தெரிந்தால் துண்டு வேறொருவன் கைக்குப் போய்விடுமே! கடலே எனக்கு அந்தப் படம் மாதிரித்தான் தெரிந்துகொண்டிருந்தது.

கண்ணில் புரை முற்றிவிட்டது, இனியும் பிந்தக்கூடாது என்றார் டொக்டர். இரண்டு கண்ணிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பரேஷன் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், நன்றாகவே முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் படத்தின் முன்னால் போய் நின்றேன். வெறும் பெயின்ட் திட்டு.

"இதையா போட்டோ எண்டு சொன்னன்?"

"ஓம், மருமகனுக்கு முன்னால," என்றாள் மனைவி.

வாசல்வரை பின்னோக்கி நடந்தேன். திட்டெல்லாம் ஒன்றுகூடி வெயிலாகிவிட்டது. அந்தப் பிரான்சுக்காரனும் கண்ணுள்ளவன்தான், என்னை விடக் கொஞ்சம் குறைவு. தொழுதுவிட்டு நன்றி சொல்லும்போது மனைவியோடும் மகளோடும் அவனும் நினைவுக்கு வருகிறான்.

டொக்டர் சொன்ன நாள் கழிந்ததும் கரையில் துண்டை வீசினேன். தோணி திரும்பியது.

இப்போதும் அசர் தொழுகைக்குப் பின் மனைவி மாடிக்கு வந்து, "எத்தின தோணி?" என்று கேட்பாள். அவளுக்குத் தெரிவதை விட ஒன்று அதிகமாகச் சொல்வேன். சற்று நேரத்தில் அதுவும் கரைக்கு வந்து சேரும்.