அம்மாவுக்குப் பதினைந்து நிமிடம்

ஃபிராங்க்ஃபுர்ட்டில் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையிலும் கோழிமுட்டை வடிவத்தில் ஒரு மணி இருக்கிறது. முட்டை வேகும் நேரம் பார்க்கச் சமையலறையில் வைக்கிற சாமான். திருகி வைத்தால் டிக்டிக்கென்று ஓடி, குறித்த நிமிடத்தில் காது கிழிய அலறும். இங்கே அது மனிதர்களை வேகவைக்கிறது. அலறும்வரை ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும். பக்கத்து மேசைக்காரர் மயங்கி விழுந்தாலும் மணி அடித்த பிறகுதான் தூக்க வேண்டும்போல. ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். முதல் வாரம் நானும் சிரித்தேன். இரண்டாம் வாரம் வீட்டுக்கும் ஒன்று வாங்கி வந்தேன்.

இந்த ஞானத்தை எங்களுக்கு அருளியவர் உர்சுலா என்ற பயிற்சியாளர். நேர நிர்வாகம் பற்றி இரண்டு நாள் வகுப்பு. முதல் நாளே பத்து நிமிடம் தாமதமாக வந்தார். என் ஊரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "திருவண்ணாமலையா! ஆசிரமத்துப் பக்கம் ஆறு வாரம் தங்கினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். நீங்கள் தினமும் தியானம் செய்திருப்பீர்களே?" என்றார். "தினமும் வேங்கிக்கால் பஸ்ஸைத் துரத்தியிருக்கிறேன்" என்றேன். அதையும் ஏதோ யோக முறை என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடித் தலையாட்டினார். எங்கள் ஊருக்கு வந்து சும்மா இருக்கக் கற்றுக்கொண்டு போனவர், அந்த ஊர்க்காரனைப் பிடித்துவைத்துச் சும்மா இருக்காதே என்று பாடம் எடுத்தார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

நேரம் ஒழுகுகிற ஓட்டைகளை எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் என்றும் எழுதியிருந்தேன். அதைச் சிவப்பில் வட்டமிட்டார். வேங்கிக்கால் வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். அவள் பேச்சு கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அறுவடையில் தொடங்கி, எதிர்வீட்டு மருமகளிடம் நின்று, பிறகுதான் விஷயத்துக்கு வரும். அடுத்த ஞாயிறு முட்டை மணியைத் திருகி வைத்துக்கொண்டு, "பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிடும்மா, எனக்கு வேல ஜாஸ்தி" என்றேன். "சரிப்பா, கம்மியாவே பேசறேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் எண் போட்டு எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்க குளிரு ஜாஸ்தியாப்பா?" மணி அலறியதும் அவளே போனை வைத்துவிடுவாள். இந்தச் சாதனையை, இரண்டு மாதம் கழித்து உர்சுலா எங்களைத் திரும்பக் கூட்டிய வகுப்பில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நன்றி வேறு சொன்னேன், வெட்கம் கெட்டவன்.

2003 மே மாதம் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். காலண்டருக்குப் பின்னால் அந்தத் தாள்கள் கத்தையாகச் செருகியிருந்தன. அம்மாவின் கையெழுத்தைப் பார்க்கும் ஆசையில் புரட்டினேன். பேசி முடித்ததையெல்லாம் கோடு போட்டு அடித்திருந்தாள். மார்ச் மாதத் தாள் ஒன்றில் ஐந்து வரிகளை அடித்திருந்தாள். ஆறாவது வரி அப்படியே இருந்தது: வயித்துல கட்டி, ஆப்ரேஷன்.

"இன்னாம்மா இது?"

"அதான்பா, சொல்லணும்னுதான் எழுதி வெச்சிருந்தேன். அஞ்சு சொல்றதுக்குள்ள உன் மணி அடிச்சிடுச்சு."

"அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"திங்கக்கெழம சேத்தாங்க. ஞாயித்துக்கெழம உன் போனுக்குள்ள ஊட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் இன்னாத்துக்கு சொல்லிக்கிட்டு? உனக்கு வேல கெடக்குது."

வயிறு அறுத்தவள் என் கால் மணி நேரத்துக்குத் தவறாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறாள். உர்சுலாவின் வகுப்பில் இவளைவிட நல்ல மாணவர் கிடையாது. என் மீது எனக்கு வந்த அருவருப்பை எந்த அட்டவணையில் எழுதுவது என்று தெரியவில்லை.

அன்று மாலை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டொரு சேதி சொன்னாள். பிறகு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சரிப்பா, நீ போய் உன் வேலயப் பாரு" என்று முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"எந்த வேலயும் இல்லம்மா. உக்காரு, பேசு."

உட்கார்ந்தாள். கையில் தாள் இல்லை. என்ன பேசுவது என்று யோசித்தாள். மின்சாரம் போயிருந்தது, கத்திரி வெயிலின் புழுக்கத்தில் இருவருக்கும் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்க குளிரு ஜாஸ்தியாப்பா?"