வளைவுக் கடையிலிருந்து ஒரு நம்பர்

என் மதினி இணையத்தில் எதை வாங்கினாலும் அந்தச் செய்தி முதலில் மலைக்குப் போய்விட்டுத்தான் கடைக்குப் போகும்.

அண்ணன் குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறார். மாதம் ஒருமுறைதான் உத்தமபாளையம் வருவார். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோட்டு வளைவிலுள்ள சாயாக்கடைக்கு இறங்கி வந்தால்தான் அவருடைய போனுக்கு உயிர் வரும். மதினியின் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தது அந்தப் போன் எண். கணக்கு மதினியுடையது. அதில் சேர்வது, அவர் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பது. ஆனால் 'வாங்குவது நீங்கள்தானா?' என்று வங்கி ஒரு நம்பரை அனுப்பிக் கேட்பது அண்ணனிடம்.

மதினியிடம் மொபைல் இல்லை. முன்பு இருந்தது. அது படியில் விழுந்து உடைந்தபோது புதிதாக ஒன்று வாங்கித் தர வீட்டில் எல்லாருமே தயாராக இருந்தோம். "வேணாம். இந்த ரெண்டு நாளாத்தான் ஒரு கணக்க முழுசாச் சொல்லிக் குடுத்து முடிச்சிருக்கேன்" என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஃபைபர் இணைப்போடு வந்த லேண்ட்லைன் இருக்கிறது, இதற்கு மேல் என்ன என்பது அவர் கட்சி. அதில் எனக்கும் உடன்பாடுதான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே வெப்சைட்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை செய்கிறவள் நான். மொபைலே இல்லாத ஒருவரை எத்தனை வெப்சைட்டுகள் மனுஷியாகவே மதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வியாபாரம் இப்படி நடக்கும். மதினி திரையில் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார். லேண்ட்லைன் அடிக்கும். எழுதிக்கொள்ள இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஸ்பீக்கரைப் போடுவார்.

"ஏம்மா, நம்பர் வந்துருச்சு. எழுதிக்க."

"சொல்லுங்க."

"இரு, இரு. இது துணிக்கடையால்ல இருக்கு? போன வாரந்தான தலகாணி உறை வாங்குன?"

"அது தலகாணிக்கு. இது சன்னலுக்கு."

"சன்னலுக்கு என்ன, குளிரா அடிக்குது?"

அடுப்படியிலிருந்து அம்மா, "என்ன கலருன்னு கேளு" என்பார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "மெரூன் வேணாம், வெளுத்துரும்" என்பார். மலையில் அண்ணனுக்குப் பின்னாலிருந்து சாயாக்கடைக்காரர், "கர்ட்டனோ? பச்ச மதி" என்று, பச்சையே போதுமென மலையாளத்தில் தீர்ப்புச் சொல்வார். இதற்குள் நம்பரின் ஆயுள் முடிந்திருக்கும். மதினி 'மறுபடி அனுப்பு' என்பதை அழுத்துவார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஒருநாளும் நம்பரைத் தராமல் இருந்ததில்லை. கேட்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் மதினி எதையோ கூடையில் சேர்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டதைப் பார்த்தேன்.

"என்ன மதினி, வேணாமா?"

"வேணும். ஆனா அவுக கேப்பாக. அவுக கேட்டா சாயாக்கடையில கேப்பாக. வெலயப் பத்தி இல்ல புள்ள. ஒரே ஒரு பொருள, எதுக்குன்னு யாருக்கும் சொல்லாம வாங்கிப் பாக்கணும்னு இருக்கு."

"அப்பிடி என்னது மதினி?"

"பாத்தியா, நீயும் கேக்குற."

எனக்குச் சுருக்கென்றாலும் அதைவிட வேகமாக ஒரு யோசனை வந்துவிட்டது. "என் நம்பரக் குடுத்துருவோம் மதினி. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

மதினி கணக்கு டீச்சர். சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரு நொடி பார்த்தார். "அவுககிட்டக் கேக்குறதுக்குப் பதிலா ஒங்கிட்டக் கேக்கணும். அம்புட்டுதான?"

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். விரல்ரேகை பார்க்கும் கருவி ஒன்றை வரவழைத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கம்ப்யூட்டர் மதினியை அடையாளம் கண்டுகொண்டது, வங்கி கண்டுகொள்ளவில்லை. அப்புறம் யுஎஸ்பியில் செருகுகிற பாதுகாப்புச் சாவி. அது மதினியின் ஈமெயிலை அருமையாகத் திறந்தது. வங்கியிடம் நீட்டினால், அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதையே கேள்விப்படாததுபோல் அந்தப் பக்கம் முழித்தது. கடைசியில் வங்கியின் இணையதளத்திலேயே, யாரும் திறக்காத ஓர் உதவிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி கிடைத்தது: மொபைல் வேண்டாதவர்கள் கிளையில் கேட்டால் டோக்கன் தருவார்களாம். சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவுக்கு ஒரு சின்னக் கருவி. பட்டனை அழுத்தினால் நம்பர் காட்டும்.

"சிக்னல் இல்லாம அதுக்கு எப்பிடி நம்பர் வருது?" என்று மதினி கேட்டார். எனக்கு அது போதாதா? கருவிக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது, வங்கியிடமும் அதே எண் இருக்கிறது, இரண்டுமே நேரத்தைச் சேர்த்து ஒரே மாதிரிக் கணக்குப் போடுகின்றன என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அதாவது ரெண்டு பிள்ளைக வேற வேற வீட்டுல உக்காந்து, ஒரே கணக்கப் போட்டு, ஒரே விடை கொண்டாருதுக. காப்பி அடிக்காம."

"அதேதான் மதினி!"

"நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு வாங்கிக் குடுக்கலாமே" என்றார்.

கிளைக்கு இருவரும் ஸ்கூட்டரில் போனோம். கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொபைல் தொலஞ்சிருச்சாம்மா?"

"இல்ல சார்."

"ரிப்பேரா?"

"மொபைலே இல்ல சார்."

"மொபைல் இல்லாம எப்பிடிம்மா இருக்கீக?"

"ஒங்க பேங்க்லதான் சார் கஷ்டம். மத்தபடி நல்லாருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த முறை போனபோது டோக்கன் வந்திருந்தது. மதினியின் ஆதார் அட்டையையும் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "வீட்டுல போயி ஆக்டிவேட் பண்ணிக்கங்க, ரொம்பச் சுலபம்" என்றார்.

வீட்டுக்கு வந்து வங்கியின் பக்கத்தைத் திறந்தோம். கருவியின் எண்ணைக் கேட்டது, கொடுத்தோம். பிறகு ஒரு வரி வந்தது: 'உறுதிசெய்ய, உங்கள் மொபைலுக்கு வந்த எண்ணை உள்ளிடவும்.'

போனை விட்டு வெளியே வருவதற்கும் போன்தான் வாசல். நான் திரையைத் திட்டினேன். மதினி திட்டவில்லை. "சரி, ஞாயித்துக்கெழமைக்கு வப்போம்" என்றார். ஆனால் அந்த வாரம் முழுவதும் டியூஷன் பிள்ளைகளிடம் கொஞ்சம் கடுகடுவென்றுதான் இருந்தார். எந்தக் கேள்வியைத் தவிர்க்கப் பார்த்தாரோ, அதற்கு இப்போது பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் கேட்பவரிடமே.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பழக்கப்படி ஸ்பீக்கர். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"ஏம்மா, இது என்ன புதுசா இருக்கு? 'கருவியைப் பதிவு செய்ய'ன்னு போட்டுருக்கு?"

"ஆமா. நம்பர் காட்டுற கருவி. பேங்க்ல குடுத்தாக."

"எதுக்கு?"

"இனிமே ஒங்ககிட்ட நம்பர் கேக்காம இருக்குறதுக்கு."

மலையில் ஒரு பஸ் வளைவில் கியர் மாற்றித் திரும்புவது கேட்டது.

"நான் என்ன கேட்டுட்டேன் இப்ப?"

"ஒண்ணும் கேக்கல. என்ன கலரு, எதுக்கு, ஏன்னு மட்டுந்தான் கேட்டீக."

லைன் போய்விட்டது.

சிக்னலா, அண்ணனா? திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்து முடிந்தது. மதினி 'மறுபடி அனுப்பு' என்பதை அழுத்தினார். அதுவும் தவறினால் அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும், மீண்டும் கிளைக்குத்தான் போக வேண்டும். அம்மா, "கோவிச்சுக்கிட்டானோ? நீ கொஞ்சம் பைய்யச் சொல்லிருக்கலாந்தா" என்றார். "பைய்யத்தான மாமி சொன்னேன்" என்றார் மதினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன் அடித்தது.

"மஞ்சு எறங்கி ரோடே மறஞ்சிருச்சும்மா. அங்கன இங்கன நடந்து பாத்தேன், சிக்னல் கெடைக்கல. சட்டுனு எழுதிக்க." எண்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். இடையில் ஒரு கேள்வியும் இல்லை. மதினி தட்டினார். திரையில் பச்சை டிக் விழுந்தது. எனக்குத்தான் கை தட்டத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

"ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"அப்ப இதான் கடைசி நம்பரா?"

"ஆமா."

"பெறகு ஞாயித்துக்கெழம நான் எதுக்கு எறங்கி வாரது?"

"சாயா குடிக்க" என்றார் மதினி. அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அண்ணன்தானா என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் டியூஷன் முடிந்ததும் மதினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீ கொஞ்சம் வெளிய இரு."

"எரர் வந்தா மதினி?"

"வந்தா கூப்புடுறேன்."

கதவுக்கு வெளியே நின்றேன். கீபோர்டு சத்தம். டோக்கனின் பட்டன் 'டிக்' என்றது. மறுபடி கீபோர்டு. என்னைக் கூப்பிடவே இல்லை. இத்தனை வாரம் அலைந்து நான் செய்த வேலை பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பார்சல் வந்தது. தட்டையாக, கனமில்லாமல் இருந்தது. அம்மா, "என்னத்தா அது?" என்றார். "பார்சல் மாமி" என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போய்விட்டார். தட்டையான, கனமில்லாத பொருட்கள் உலகத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. மதினி ஸ்பீக்கரைப் போடவில்லை. ரிசீவரைக் கையில் எடுத்தார். "ம்... இங்கன மழை இல்ல... காய் எடுப்பு முடிஞ்சிருச்சா?... சாப்புட்டேன்." வாங்கியதைப் பற்றி அண்ணன் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. வயரைச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பி, வாயருகே கை வைத்து, மதினியே எதையோ சொன்னார். நான் காதைத் தீட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ரிசீவருக்குள் அண்ணன் சிரிப்பது மட்டும் கேட்டது. இந்த முறை சந்தேகமில்லை, அண்ணனேதான்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது.

"ஏ புள்ள, இன்னைக்குச் சத்தத்தையே காணோம். என்ன வாங்குனாகளாம் ஒங்க மதினி? என்ன கலராம்?"

"தெரியலக்கா" என்றேன்.