தாமு ஏன் சத்தியம் செய்யவில்லை

தாமோதரன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவன் மச்சான்தான் போனில் சொன்னார். "காலைல நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிட்சி." திருப்பதியை விட்டுவிட்டு அவன் ஊர் பஸ்ஸில் ஏறினேன். உட்கார்ந்ததும் நம் பழைய ஸ்டுடியோவின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால், முதல் அஞ்சலி நம் முதலாளியுடையது. 'நல்ல பையன். என் மிஷினை எரித்தவன் என்றாலும் எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. ஆத்மா சாந்தியடையட்டும்.' அதன் கீழே வரிசையாக நீங்கள் எல்லோரும் போட்ட கும்பிட்ட கைகள்.

 வாய்க்கரிசி போடும்போதுகூடப் பழியையும் சேர்த்துத்தான் போட வேண்டுமா? மறுத்து ஒரு வரி எழுத உங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

புதிதாகக் குரூப்பில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதியில் அந்தக் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் தாமு எடிட்டர், நான் ஆல்பம் டிசைனர். தினமும் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். கம்ப்யூட்டர் எது மக்கர் செய்தாலும் அவன்தான் திறப்பான். அவனுக்கு ஒரே ஒரு விதி. "ஒண்ணை மாத்து, பாரு. அப்புறம் இன்னொண்ணை மாத்து. ரெண்டையும் சேர்த்து மாத்தினா எதால சரியாச்சின்னு எவனுக்குத் தெரியும்?" இதை அவன் சாப்பாட்டிலும் விடமாட்டான். மெஸ்ஸில் சாம்பார் சப்பென்று இருந்தால் முதலில் உப்பு மட்டும் கேட்பான். ஒரு வாய் துன்னு பார்ப்பான். பிறகுதான் ஊறுகாய். நாங்கள் கை கழுவி வந்து நிற்போம், அவன் இன்னும் சாம்பாரைச் சோதித்துக்கொண்டிருப்பான். "டேய், பந்தியே எழுந்திரிச்சிட்டாங்கடா" என்று கத்துவேன்.

இப்போது அந்த மிஷின் கதைக்கு வருகிறேன். முகூர்த்த சீசன். ஒரு வீடியோவைக் கோர்த்து முடிக்க அந்தப் பழைய டெஸ்க்டாப் நாள் முழுக்க முனகும். புதிது வாங்க முதலாளிக்கு மனசு இல்லை. போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட வைக்கலாமாமே, ஓவர்கிளாக்காமே, செய்துகொடு என்று தாமுவின் உயிரை எடுத்தார். "சார், கிழ மிஷின், வேணாம்" என்றான் இவன். அவர் கேட்டால்தானே? கடைசியில் செட்டிங்கில் போய் ஒரு சிறு படி மட்டும் ஏற்றினான். சூடு வெளியேற கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தான். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, சூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஒழுங்காகத்தான் ஓடியது.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. தாமு பூஜைக்கு லீவு போட்டிருந்தான். முதலாளி தன் கையால் கேபினெட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பெரிய பூச்சரமாகச் சாற்றினார். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும், அதுவரை சரத்தைக் கழற்றக் கூடாது என்று அப்படியே ஆன் செய்தார். கொஞ்ச நேரத்தில் மிஷின் அணைந்தது. மறுபடி ஆன் செய்தார், மறுபடி அணைந்தது. போனில் தாமு கெஞ்சினான். "சார், பஸ்ல வந்துகினே இருக்கேன். நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க." ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பவும் பட்டனை அழுத்தினார். நானும் சொன்னேன். "நீ ஆல்பம் பாரு" என்றார்.

தாமு வந்ததும் முதல் வேலையாக, ஏற்றிய வேகத்தைப் பழையபடி இறக்கினான். அப்போதும் அணைந்தது. "ஸ்பீடால இல்லடா. ஸ்பீடாலன்னா இப்ப ஓடணுமே" என்றான். சரத்தைக் கழற்றாமலே இடுக்கில் கைவிட்டு, போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியைக் கழற்றி மாட்டினான். மெமரியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். பவர் சப்ளையை என் மிஷினிலிருந்து மாற்றிப் பார்த்தான். கடைசியில் சரத்தை ஒதுக்கிவிட்டு டார்ச் அடித்தான். திறந்திருந்த பக்கமாக உள்ளே விழுந்த பூநார், ப்ராசஸர் மேலிருக்கும் ஃபேனின் நடுத்தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்தது. ஃபேன் அசையவே இல்லை. கத்தரியால் நறுக்கி எடுத்தான். ஃபேன் சுற்றியது, மிஷின் வந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை, ஒரேயடியாகப் போய்விட்டது. சூடேறிச் சூடேறி, போர்டில் ப்ராசஸருக்குப் பக்கத்தில் கரண்டைச் சீராக்கும் கெபாசிட்டர்கள் உப்பியிருந்தன.

நாரைக் காட்டினான். "ஏமய்யா, தேவுடுக்குப் போட்ட பூவுல தப்பு கண்டுபிடிக்கிறியா?" என்று முதலாளி பாய்ந்தார். நீ வேகம் ஏற்றியதால்தான் எரிந்தது என்றார். இல்லை என்றால் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் வந்து சத்தியம் செய் என்றார். நம் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட் ஏது? அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எந்தக் கொம்பனும் நடுங்குவான். சத்தியம் செய்தவனை அப்புறம் எவனும் கேள்வி கேட்கமாட்டான்.

தாமு வரமாட்டேன் என்றான். பஸ்ஸில் நான் அவனிடம் சண்டை போட்டேன். "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேண்டா, என்ன கேடு?" அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஃபேன் நின்னது பூவாலதான். அதுக்கு எங்க வேணா சத்தியம் பண்றேன். ஆனா அவரு அதைக் கேக்கலியே. நான் ஏத்தாம இருந்திருந்தா போர்டு தாங்கியிருக்குமா? அது எனக்குத் தெரியாது. தெரியாததை எப்பிடிடா சாமி முன்னாடி சொல்றது?"

அவ்வளவுதான். சத்தியத்துக்குப் பயந்தவன் என்று ஆகிவிட்டது. வேலை போனது. திருப்பதியில் எந்த ஸ்டுடியோவில் ஏறினாலும் அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அத்தனை கைப்பழக்கமும் உள்ளவன், சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் டின்களுக்கு லேபிள் ஒட்டினான். கம்ப்யூட்டர் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவான். சரத்தைச் சாற்றிய அந்தக் கை, அணைய அணைய ஆன் செய்த அந்தக் கை, அதன் பிறகும் ஆண்டுதோறும் பூஜை போட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் காணிப்பாக்கத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வந்த பிறகு அவன் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ப்ளஸ் டூ வயசு, இன்டர் படிக்கிறாள். "மாமா, நைனா நெஜமாவே மிஷினை எரிச்சிட்டாரா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் சத்தியம் பண்ணல?"

பஸ்ஸில் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "எங்களுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இல்ல மாமா?" என்றாள்.

  நண்பர்களே, தாமுவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனை நாம் எல்லோரும் சேர்ந்து திருடனைப் போல வைத்திருந்தோம்.